எவர்சில்வரில் ஒரு லூகர்

லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கும் அதன் உருவம் தெரிந்திருக்கும். பின்னால் சாய்ந்த கைப்பிடி, மெலிந்த குழல், சுட்டதும் முழங்கால் மடங்குவதுபோல் மேலெழுந்து விழும் இரண்டு இரும்புத் துண்டுகள். ஜெர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் அதை ஏற்றுக்கொண்டன. முதல் உலகப் போரின் புகைப்படங்களில் ஜெர்மன் அதிகாரிகளின் இடுப்பில் தொங்குவது பெரும்பாலும் அதுதான். அதன் நிறம் கருநீலம். அந்தத் துப்பாக்கியை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எவர்சில்வரில் செய்யத் தொடங்கினார்கள். முதலில் மிட்செல் ஆர்ம்ஸ் என்ற பெயரிலும் பிறகு ஸ்டோகர் என்ற பெயரிலும் அது கடைக்கு வந்தது. உருவம் அப்படியே லூகர். நிறம் மட்டும் நம் வீட்டுத் தண்ணீர்ச் சொம்பு.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எனக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது. வாங்கும் உத்தேசமும் இல்லை. கோயம்புத்தூரில் வால்வு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். 410, 316, 17-4 பிஎச் என்று துருப்பிடிக்காத எஃகின் ரகங்களோடு காலையிலிருந்து மாலைவரை மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. வாடிக்கையாளர் கடிதம் எழுதுவார்: 'அதே வால்வு, ஆனால் எஸ்.எஸ்.ஸில் வேண்டும்.' அவருக்கு அது விலைப்பட்டியலில் ஒரு வரி மாற்றம். எங்களுக்கு அது வேறு பொருள். வரைபடத்தில் இருக்கும் அளவுகளெல்லாம் பழைய உலோகத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. உலோகம் மாறினால் அந்த அளவுகளுக்குப் பின்னால் இருந்த நியாயமும் மாறிவிடும். புகழ்பெற்ற பழைய கைத்துப்பாக்கிகளை எவர்சில்வரில் செய்யப் போனவர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பட்டதை வாசித்தபோது எங்கள் பட்டறைக் கதையை வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது.

முதலில் அந்தக் கருநீலம். பலரும் அதை ஏதோ பூச்சு என்று நினைக்கிறார்கள். அதுவும் துருதான். மெருகேற்றிய எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டுக் கொதிநீரில் போட்டால், செந்துரு கருந்துருவாக மாறும். மேலே உதிரும் பொடியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் துருப்பிடிக்க விடுவார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால்தான் அந்த ஆழமான நிறம் வரும். லூகரில் இன்னும் ஓர் அழகு உண்டு. விசை, பாதுகாப்புத் தாழ் போன்ற சிறு பாகங்களைப் பதமாகச் சூடேற்றி, எஃகு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். கருநீல உடம்பில் அங்கங்கே பொன்மஞ்சள். அப்போது லூகரைச் செய்துகொண்டிருந்த மௌசர் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் அதைக் கைவிட்டு எல்லாப் பாகங்களையும் ஒரே நிறத்தில் முக்கி எடுக்கத் தொடங்கியது. போருக்குத் தயாராகும் நாட்டில் வைக்கோல் நிறத்துக்காக யார் காத்திருப்பார்கள்?

இந்தக் கருந்துருவின் உண்மையான பயன், அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான். பாதுகாப்பது எண்ணெய், நிறம் அல்ல. எண்ணெய் காய்ந்த இடத்தில் ஒரு வியர்வைக் கை பட்டால் சீக்கிரமே அங்கே விரல் ரேகை செந்நிறத்தில் பதிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் உப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. தோட்டாவின் அடியில் பொறி எழுப்பும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும்; சாப்பாட்டு உப்புக்கு நெருங்கிய உறவு. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அன்றைக்கே கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் குழல் பாழ். அமெரிக்க ராணுவம் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் புதிய கைத்துப்பாக்கிக்காக நடத்திய சோதனைகளில் துருச் சோதனை என்றே ஒன்று இருந்தது. துப்பாக்கியை நவச்சாரக் கரைசலில் முக்கித் தொங்கவிட்டு, துருவேறிய நிலையிலேயே சுட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் வென்றது ஜான் பிரௌனிங் வடிவமைத்த, கோல்ட் நிறுவனத்தின் கைத்துப்பாக்கி. 1911 மார்ச்சில் 6,000 தோட்டாக்களைக் கோளாறில்லாமல் சுட்டுக் காட்டி, அந்த ஆண்டையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அதுவும் சாதாரணக் கார்பன் எஃகுதான். துரு வரும், வந்தாலும் ஓட வேண்டும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. துருவே வராத துப்பாக்கியை யாரும் கேட்கவில்லை.

1920களின் கடைசியில் அமெரிக்கக் கடைகளில் உப்புப் படியாத தோட்டாக்கள் வரத் தொடங்கின. ராணுவத் தோட்டாக்கள் மாற இன்னும் காலம் பிடித்தது. உள்ளிருந்து வந்த உப்பு நின்ற பிறகு மிஞ்சியது மனித வியர்வை.

துருப்பிடிக்காத எஃகு பிறந்ததே துப்பாக்கிக் குழலுக்கு மருந்து தேடப் போன இடத்தில்தான் என்பது ஒரு வேடிக்கை. 1912இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளரிடம் ஒரு வேலை வந்தது. துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் சீக்கிரம் தேய்ந்துபோகிறது, அதற்குத் தாங்கும் எஃகு வேண்டும். அது துருப் பிரச்சினை அல்ல. கொதிக்கும் வாயு உலோகத்தை அரித்துத் தின்னும் பிரச்சினை. 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியம் கலந்து ஓர் எஃகை உருக்கினார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் தடவியபோது அது அரிபட மறுத்தது. பிரியர்லிக்குத் தோன்றியது குழல் அல்ல, மேசைக் கத்தி. ஷெஃபீல்டு கத்திகளின் ஊர் அல்லவா! அந்த எஃகு சாப்பாட்டு மேசைக்கும் அடுப்படிக்கும் போய்விட்டுக் கைத்துப்பாக்கிக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

திரும்பி வந்த இடம் கவனிக்கத்தக்கது. 1965இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், வழக்கமான உற்பத்தியில் வந்த முதல் துருப்பிடிக்காத எஃகு ரிவால்வரை வெளியிட்டது. மாடல் 60 என்று பெயர். ஐந்து தோட்டா பிடிக்கும் சின்னத் துப்பாக்கி. 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று கார்பன் எஃகில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்ததுதான். இத்தனை பெரிய பட்டியலில் இந்தக் குட்டியை ஏன் முதலில் எடுத்தார்கள்? என் கணக்கில் இரண்டு காரணங்கள். இது சட்டைக்குள் இடுப்புத் தோலை ஒட்டியோ கணுக்காலில் கட்டியோ மறைத்து வைக்கும் துப்பாக்கி. மஃப்டி போலீஸ்காரரின் வியர்வையில் நாள் முழுவதும் ஊறும். இரண்டாவது காரணம் இயந்திரம் சார்ந்தது. ரிவால்வரில் உருளை சுழலும், சுத்தி விழும், அவ்வளவுதான். ஒரு நீளமான எஃகு இன்னொரு நீளமான எஃகின்மேல் வேகமாகச் சறுக்கும் இடம் அதில் கிடையாது. அப்படியிருந்தும், இந்த ரிவால்வர்களில் சுத்தியையும் விசையையும் பல ஆண்டுகள் குரோம் பூசிய கார்பன் எஃகிலேயே வைத்திருந்தார்கள். உரசும் முனைகளில் எவர்சில்வரை முழுதாக நம்பவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

அடுப்படி எவர்சில்வர் வேறு, துப்பாக்கி எவர்சில்வர் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரக்கடையில் காந்தத்தை வைத்துப் பார்க்கும் அம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304. அதைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்த முடியாது. சாப்பாட்டுத் தட்டுக்கு அது போதும், ஒவ்வொரு வெடிப்பிலும் பின்னால் ஓடி அடி வாங்கும் ஸ்லைடு என்ற மேல்பாகத்துக்கு ஆகாது. துப்பாக்கிக்குப் போவது காந்தம் நன்றாக ஒட்டும் ரகங்கள். 410, 416, 420 போன்றவை சூடேற்றிக் குளிர்வித்தால் கெட்டியாகும். 17-4 பிஎச் என்பதில் ஏறக்குறைய 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கூடவே செம்பு. இவை துருவை எதிர்ப்பதில் பொதுவாக 304க்கு ஒரு படி கீழே. ஆகவே வியர்வையோடும் கடற்காற்றோடும் கவனிப்பாரற்றுக் கிடந்தால் எவர்சில்வர் துப்பாக்கியிலும் புள்ளி புள்ளியாகப் பழுப்பு விழும். அதிலும் முதலில் போவது உடம்பு அல்ல; உள்ளே இருக்கும் சுருள்வில், ஊசி, மேலே இருக்கும் குறிக்கட்டை. அவற்றில் பல இன்றும் கார்பன் எஃகுதான்.

ஆனால் தயாரிப்பாளர்களை ஓட ஓட விரட்டியது துரு அல்ல, உரசல்.

துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேல் தானாகவே படரும் குரோமியம் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் கனம்தான். கீறினால் காற்றுப் பட்டதும் மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் இரண்டு எவர்சில்வர்ப் பரப்புகள் அழுத்தத்தோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும்போது இரண்டிலும் படலம் கிழியும். அது வளரக் காற்றும் நேரமும் கிடைக்காது. வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொட்டு, சூடே இல்லாமல் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அசைவில் ஒட்டிய இடம் பிய்ந்து, பிய்ந்த துணுக்கு ஏர் உழுததுபோல் அடுத்த பரப்பைக் கிழித்துக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் இதற்குக் கேலிங் என்று பெயர். எங்கள் பட்டறையில் 'பிடித்துக்கொண்டது' என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கேட் வால்வை மூடித் திறந்து காட்டினார்கள். சக்கரம் பாதி சுற்றில் கிறீச்சென்று நின்றது. இரண்டு பேர் கம்பி போட்டுத் திருகியும் அசையவில்லை. அறுத்துப் பார்த்தால், கண்ணாடிபோல் மெருகிட்டிருந்த முகத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு கட்டி, அதற்குப் பின்னால் நீளமாக ஒரு பள்ளம். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் அதை விரலால் தடவிக்கொண்டே, "ஒரே ரகத்தை ஒன்றின்மேல் ஒன்று ஓட விடாதே தம்பி. கெட்டியில் வித்தியாசம் வை, இல்லாவிட்டால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும்" என்றார்.

அந்த வித்தியாசம் எங்கள் தொழிலில் விதியாகவே இருக்கிறது. எண்ணெய்க் குழாய்களுக்கான கேட் வால்வுகளுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த ஏபிஐ 600 தரம், 13 சதவீதக் குரோமிய எஃகு முகங்கள் இரண்டு உரசும் இடத்தில் கடினத்தன்மை குறைந்தது 50 பிரினெல் வேறுபட வேண்டும் என்கிறது.

இப்போது 1911 துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள். அதன் மேல்பாதியான ஸ்லைடு, கீழ்ப்பாதியான ஃபிரேமின் இருபுறத் தடங்களில் மாட்டிக்கொண்டு நீளவாக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கண் இமைப்பதற்குள் முழு வேகத்தில் பின்னால் போய், சுருள்வில் தள்ள, முன்னால் வந்து முட்டுகிறது. கேலிங்குக்கு இதைவிட வசதியான மேடை வேறில்லை. 1977இல் கலிஃபோர்னியாவின் ஏஎம்டி நிறுவனம் 'ஹார்ட்பாலர்' என்ற பெயரில் முழுக்க முழுக்க எவர்சில்வரில் ஒரு 1911ஐக் கொண்டுவந்தது; அந்த வகையில் அதுதான் முதல். நிறுவனத்தைத் தொடங்கிய ஹாரி சான்ஃபோர்டு, அதற்கு முன்பே ஆட்டோமேக் என்ற பெரிய எவர்சில்வர்ப் பிஸ்டலைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர். துணிச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்லைடும் ஃபிரேமும் பிடித்துக்கொள்ளும் என்ற கெட்ட பெயர் ஹார்ட்பாலருக்கு வந்து சேர்ந்தது. எவர்சில்வர் 1911 என்றாலே எண்ணெய் சொட்டச் சொட்ட வைத்திருக்க வேண்டும் என்று பேச்சு பரவியது. துருப்பிடிக்காது, ஆகவே எண்ணெய் வேண்டாம் என்று வாங்கியவர்களுக்கு, துருவுக்காக இல்லாவிட்டாலும் உரசலுக்காக முன்பைவிட அதிக எண்ணெய் தேவைப்பட்டது.

இதில் இன்னொரு சிக்கல், பழைய பெருமை. நல்ல 1911 என்றால் ஸ்லைடு ஆடக் கூடாது என்பது துப்பாக்கிக் கொல்லர்களின் மரபு. தடங்களைத் தட்டி நெருக்கி, அரைக்கும் பசை போட்டு, ஸ்லைடை முன்னும் பின்னும் ஓட்டி, வெண்ணெய்போல் வழுக்கும்வரை தேய்ப்பார்கள். கார்பன் எஃகில் அது கைத்திறன். ஒரே கடினத்தன்மை கொண்ட இரண்டு எவர்சில்வர்த் துண்டுகளில் அதே இறுக்கத்தை வைத்தால் அது வம்பை விலை கொடுத்து வாங்குவது. இறுக்கமாகப் பொருத்துவதே உயர்ந்த வேலை என்று ஒரு தலைமுறை கற்றுவைத்த பாடத்தை இந்த உலோகம் தலைகீழாக்கியது.

தீர்வுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்லைடுக்கு ஒரு ரகம், ஃபிரேமுக்கு ஒரு ரகம். அல்லது ஒரே ரகத்தை இருவேறு கடினத்துக்குக் கொண்டுவருவது. தடங்களில் கொஞ்சம் இடைவெளி கூட்டுவது. நைட்ரஜன் ஊட்டி மேற்பரப்பை மட்டும் கெட்டிப்படுத்துவது. வைரத்தன்மை கொண்ட கார்பன் படலம் பூசுவது. ராண்டல் என்ற இன்னொரு கலிஃபோர்னியக் கம்பெனி 1983இலிருந்து 1985வரை எவர்சில்வர் 1911 மட்டுமே செய்து, இடக்கைக்காரர்களுக்கென்று எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும் செய்து, பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக விற்றுவிட்டுக் கடையை மூடியது. அதற்குள் கோல்ட்டே எவர்சில்வருக்கு வந்துவிட்டது. இன்று 1911 செய்யும் பெரிய நிறுவனங்களில் அநேகமாக எல்லாவற்றிடமும் வெள்ளி நிறத்தில் ஒன்றாவது இருக்கிறது. கேலிங் பற்றிப் பேசுபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

செய்முறையும் இதற்குள் மாறிவிட்டது. பழைய துப்பாக்கிகள் அடித்துருவாக்கிய எஃகுக் கட்டியிலிருந்து, ஒரு வெட்டுக்கு ஓர் இயந்திரம் என்று வரிசையாக நிறுத்திக் குடைந்து எடுக்கப்பட்டவை. கடைசி நூலிழை அளவை ஃபிட்டர் அரத்தால் சரிசெய்வார். இன்று ஃபிரேம் பெரும்பாலும் சிஎன்சி இயந்திரத்தில் ஒரே பிடியில் பல முகங்கள் வெட்டப்படுகிறது. இல்லாவிட்டால் மெழுகு வார்ப்பில் வருகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் செய்யும் அதே மெழுகு முறைதான். மண்ணுக்குப் பதில் பீங்கான் ஓடு. அமெரிக்காவில் ரூகர் நிறுவனம் நியூ ஹாம்ப்ஷயரின் நியூபோர்ட்டில் இதற்கென்றே தனி வார்ப்பாலை வைத்திருக்கிறது. எவர்சில்வரைக் குடைவது கஷ்டம். வெட்டும்போதே இறுகிக்கொண்டு கருவியைத் தின்னும் ரகங்கள் உண்டு. அதனால் முக்கால்வாசி உருவத்தை வார்ப்பிலேயே கொண்டுவந்துவிட்டு மிச்சத்தை மட்டும் வெட்டுவது லாபம். சின்னஞ்சிறு பாகங்களை உலோகப் பொடியைப் பசையோடு அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கிறார்கள். ரசிகர்கள் இதைக் கரித்துக்கொட்டுகிறார்கள். சரியாகச் செய்தால் அதில் குற்றமில்லை என்பது என் கட்சி.

வால்டர் பிபிகே கதையில் உலோகத்தோடு சட்டமும் கலந்திருக்கிறது. ஜெர்மனியின் துரிங்கியாவில் வால்டர் நிறுவனம் 1929இல் பிபியையும் 1931இல் அதன் குறுகிய தம்பியான பிபிகேவையும் வெளியிட்டது. சட்டைப்பைக்கு ஏற்ற நேர்த்தியான பிஸ்டல். 1968இல் அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது இறக்குமதித் துப்பாக்கிகளுக்கு அளவு நிபந்தனை விதித்தது. பிபிகேவின் உயரம் அதற்குக் கொஞ்சம் எட்டவில்லை. பிபியின் உயரமான ஃபிரேமில் பிபிகேவின் ஸ்லைடை மாட்டி பிபிகே/எஸ் என்று ஒன்றை உருவாக்கி அனுப்பினார்கள். பிறகு யாருக்கோ இன்னொரு வழி தோன்றியது: சட்டம் தடுப்பது இறக்குமதியைத்தான், அமெரிக்காவுக்குள்ளேயே செய்தால்? வர்ஜீனியாவின் ஆயுத வியாபாரி சாமுவேல் கம்மிங்ஸின் இன்டர்ஆர்ம்ஸ் நிறுவனம் அலபாமாவின் காட்ஸ்டனில் உரிமம் பெற்றுச் செய்ய வைத்தது. 1980களில் அங்கேதான் எவர்சில்வர் பிபிகே பிறந்தது. ஆக, ஜெர்மனியின் மிக ஜெர்மானியத் துப்பாக்கிகளில் ஒன்று வெள்ளி நிறமாக மாறியது அமெரிக்கச் சட்டத்தாலும் அமெரிக்கத் தென்மாநிலப் புழுக்கத்தாலும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. இடுப்பில் செருகும் பிஸ்டலுக்கு அது பொருத்தமான மாற்றமும்கூட.

2002இலிருந்து அதையே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்தது. ஸ்லைடு பின்னால் வரும்போது கட்டைவிரல் சவ்வைக் கடிக்கிறது என்ற பழைய புகாருக்காக ஃபிரேமின் வாலை நீட்டினார்கள். உண்மையான பிபிகே இப்படி இருக்காது என்று பழைமைவாதிகள் குமுறினார்கள். கடிபட்ட கைகளுக்கு நிம்மதி. 2009இல் பெரிய சங்கடம் வந்தது. சுத்தியைத் தாழ்த்தும்போது விசையைத் தொடாமலேயே வெடிக்க வாய்ப்பிருக்கிறது என்று, ஏழாண்டு உற்பத்தியையும் திரும்ப அழைத்தார்கள். வடிவமைப்பு 1931இலேயே தேறியது. அதற்குத் தேவையான அளவுப் பிசகின்மையை ஒவ்வொரு தொழிற்சாலையும் புதிதாகத் தேற வேண்டியிருந்தது. இப்போது வால்டரே ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் செய்கிறது. நீட்டிய வால் அப்படியே இருக்கிறது.

லூகருக்கு வருகிறேன். அது தொடக்கத்திலிருந்தே செலவு பிடித்த துப்பாக்கி. ஜெர்மன் ராணுவமே 1938இல் அதற்குப் பதிலாக வால்டர் பி38ஐ எடுத்துக்கொண்டது. போருக்குப் பிறகு மௌசர் அதை மறுபடி செய்ய விரும்பியபோது, சுவிட்சர்லாந்தின் பெர்னில் அரசுத் தொழிற்சாலை லூகர் செய்யப் பயன்படுத்திய கருவிகளை வாங்கித்தான் தொடங்க வேண்டியிருந்தது. 1970இல் அந்தப் புதிய மௌசர் லூகரை அமெரிக்காவில் விற்றவர், அதே கம்மிங்ஸ். மௌசர் கருநீலத்திலேயே நின்றது. வரைபடம், கருவி, உலோகம் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, பெரிய வம்பில்லை. ஹூஸ்டன்காரர்களிடம் வரைபடம் மட்டும்தான் பழையது.

டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது, வார இறுதித் துப்பாக்கிச் சந்தை ஒன்றுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். "உங்களுக்குப் பிடித்த இரும்புதான் மாமா, வாருங்கள்" என்றார். ஒரு மேசையில் முதல் உலகப் போர்க் காலத்து லூகர் ஒன்றும் ஹூஸ்டன் லூகர் ஒன்றும் அடுத்தடுத்து இருந்தன. கடைக்காரர் இரண்டையும் காலி என்று காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார். பழையதின் சின்னஞ்சிறு பாகங்களில்கூட, துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொடிப் பொடியாகக் குத்தப்பட்டிருந்தன. அந்தப் பாகம் அந்தத் துப்பாக்கிக்கென்றே அரம் போட்டுப் பொருத்தப்பட்டது என்பதற்கு அது சாட்சி. வேறொன்றில் மாட்டினால் பொருந்தும் என்று உத்தரவாதமில்லை. முழங்காலை மேலே இழுத்தேன். எண்ணெய் ஊறிய மௌனத்தோடு மடிந்து, கடைசியில் ஒரே ஒரு 'டக்'.

ஹூஸ்டன் துப்பாக்கியில் அப்படிக் குத்திய எண்கள் எதுவும் என் கண்ணில் படவில்லை. வால்நட் கட்டை போட்ட கைப்பிடி அழகாகவே இருந்தது. பெயர் 'அமெரிக்கன் ஈகிள்'. அதற்கும் ஒரு வரலாறு உண்டு: 1901இல் அமெரிக்க ராணுவம் சோதனைக்காக ஆயிரம் லூகர்களை வாங்கியபோது அவற்றில் கழுகு முத்திரை இருந்தது. இதன் முழங்காலை இழுத்தபோது வழியில் லேசான கரகரப்பு. எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். நான் உடனே குமிழ்களின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். லூகர் சுடும்போது குழலும் மேல்பாகமும் சேர்ந்து பின்னால் வரும். முழங்காலின் இருபுறக் குமிழ்களும் ஃபிரேமின் சரிவுகளில் மோதித்தான் மேலே மடியும். உரசலும் மோதலும் ஒரே புள்ளியில். வெள்ளிச் சரிவில் இலேசாக, நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு கீறல் இருந்தது. அது கேலிங்கின் தொடக்கமா வெறும் தேய்மானமா என்று பூதக்கண்ணாடி இல்லாமல் சொல்ல முடியாது. நான் குனிந்து பார்த்த விதத்தைக் கண்டு கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இவர் வாங்க வந்தவரா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவரா?" என்று மைத்துனரிடம் கேட்டார்.

எனக்கு அதில் குறையாகப் பட்டது கரகரப்பு அல்ல. கருநீலத்தில் ஒளிந்திருக்கும் விளிம்புகளெல்லாம் எவர்சில்வரில் பளிச்சென்று தெரிகின்றன. பழைய ஜெர்மன் தொழிலாளியின் கோடுகள் அந்த வெளிச்சத்தையும் தாங்கும். வேகமாக மெருகேற்றும் சக்கரத்தில் மழுங்கிய விளிம்பு தாங்காது.

எவர்சில்வர் சந்தேகமில்லாமல் நியாயமான இடம் ஒன்று உண்டு: கரிமருந்துத் துப்பாக்கிகளின் நகல்கள். இத்தாலியின் பிரெஷா வட்டாரத்தில் ஊபெர்ட்டி, பியெட்டா போன்றோர் 19ஆம் நூற்றாண்டு ரெமிங்டன் ரிவால்வரை எவர்சில்வரில் செய்கிறார்கள். கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஒரே நாளில் இரும்பைத் தின்னும். விளையாட்டுக்காகச் சுடுகிறவர் வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்துவிடலாம். வரலாற்று உடை அணிந்து சுடும் போட்டிகளில் வெள்ளி ரெமிங்டனைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கழுவுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கடைசியாக பிரௌனிங் ஹை-பவர் என்ற பிஸ்டல். ஜான் பிரௌனிங் 1926இல் பெல்ஜியத்தின் லியேஜில் இறந்தபின் பெல்ஜிய வடிவமைப்பாளர் டியூடொன்னே சைவ் அதை முடித்துக்கொடுத்தார். 1935இல் பெல்ஜியம் ஏற்றது. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் டொரண்டோவில் ஜான் இங்லிஸ் கம்பெனி அதைச் செய்தது. அந்த இங்லிஸ் வடிவத்தைத்தான் மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைபிள் ஃபேக்டரி 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ' என்ற பெயரில் நம் படைகளுக்கும் போலீஸுக்கும் செய்கிறது. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 2018 வாக்கில் தன் உற்பத்தியை நிறுத்திவிட்டு, 2022இல் ஹை-பவரை அமெரிக்காவில் புதிதாகக் கொண்டுவந்தது. அதில் எவர்சில்வர் நிறத்திலும் ஒன்று உண்டு. அதற்குச் சில மாதங்கள் முன்பு ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி எஸ்ஏ-35 என்ற பெயரில் பழைய உருவத்தை ஒட்டி, பழையபடியே கருநீலக் கார்பன் எஃகில் செய்து வெளியிட்டிருந்தது. எஃப்என் அப்படிச் செய்யவில்லை. உருவத்தின் சாயலை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மறுபடி வரைந்தது. பழைய துப்பாக்கியின் மேகசின்கூட இதில் பொருந்தாது. இது ஹை-பவரே அல்ல என்று ரசிகர்கள் எரிந்து விழுந்தார்கள். நான் எஃப்என் பக்கம். காலத்தையும் உலோகத்தையும் மாற்றுகிறவர்கள் வரைபடத்தையும் மாற்றிவிடுவது நல்லது. ஹூஸ்டனில் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இஷாபூர்ப் பிஸ்டல் கறுப்புத்தான். நம் ஊர் வியர்வைக்கு அதையும் எவர்சில்வரில் செய்தால் என்ன என்று ஒரு நண்பர், ஓய்வுபெற்ற போலீஸ் ஆயுதக் கிடங்குக்காரர், என்னிடம் கேட்டார். ஸ்லைடுக்கு என்ன ரகம், ஃபிரேமுக்கு என்ன ரகம், இரண்டுக்கும் நடுவே எத்தனை பிரினெல் என்று திருப்பிக் கேட்டேன். "அதையெல்லாம் டெண்டரில் எழுத மாட்டார்கள் சார்" என்றார்.